எக்ஸ் பார்ட்டிக்கு நீ எழுதிய பொருள்

என் அன்பு மல்லிகா அக்காவுக்கு,

நீ போன பிறகு நான் அச்சுக்குக் கொடுத்த உன் சட்டச்சொல் அகராதி திருத்தப்பட்டு வந்திருக்கிறது. படித்ததிலிருந்து வயிறு எரிகிறது. உன் பொருளையெல்லாம் வெட்டிவிட்டுப் பதிப்பாசிரியர் தன் புலமையை நட்டு வைத்திருக்கிறார்.

'எக்ஸ் பார்ட்டி'யைப் பார். நீ எழுதியது: "நீங்கள் கோர்ட்டுக்கு வராவிட்டால் எதிராளி சொல்வதை மட்டும் கேட்டுத் தீர்ப்பு எழுதிவிடலாம். இது ஊர்ப் பஞ்சாயத்து அல்ல. உங்களுக்காக வழக்கு நிற்காது." அவர் போட்டிருப்பது: "எதிர்த்தரப்பு முன்னிலையாகாமையின்பாற்பட்ட ஒருதலைத் தீர்வு." இதை யாருக்காக எழுதினாராம்?

நம் ஊரில் ஒரு தரப்பு வராவிட்டால் பஞ்சாயத்தைத் தள்ளி வைத்துவிடுவார்கள். கோர்ட்டும் அப்படித்தான் என்று நம்பித்தானே சம்மன் வந்தும் அப்பா தஞ்சாவூருக்குப் போகாமல் நாற்றங்காலிலேயே நின்றார்? பண்ணையில் கூலி வேலை பார்த்து வாங்கிய ஒரே வயல் கைவிட்டுப் போனது. நீ வக்கீலுக்குப் படித்ததே அந்த ஆத்திரத்தில்தான். அந்த வரியை வெட்ட இவர் யார், அக்கா?

போன் செய்து கேட்டேன். "அகராதின்னா ஒரு கண்ணியம் வேணும் சார். மேடம் இருந்திருந்தா ஒத்துக்கிட்டிருப்பாங்க" என்றார். இறந்தவர்கள் எதற்குத்தான் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்? நீ இருந்தபோது உன் முகத்துக்கு நேரே இதைச் சொல்லியிருப்பாரா?

எந்தப் பொருளையும் நடவுக்கு வரும் பெண்களிடம் வாசித்துக் காட்டி, அவர்கள் தங்கள் வாயால் திருப்பிச் சொன்ன பிறகுதானே நீ முடிவு செய்வாய்? நானும் அப்படியே செய்து பார்த்தேன். மேலத்தெரு மரியம்மாவுக்கு வரப்புத் தகராறில் சம்மன் வந்திருக்கிறது. நாளைக்கு வாய்தா. "நான் போகல தம்பி. சம்பா நடவு கெடக்கு. போகலன்னா தள்ளி வச்சிருவாங்க" என்றார்.

முதலில் பதிப்பாசிரியர் எழுதியதை வாசித்தேன். "பூசையில படிக்கிற மாதிரி நல்லா இருக்கு தம்பி" என்றார். அடுத்து நீ எழுதியதை வாசித்தேன். மரியம்மா கையிலிருந்த நாற்றுமுடியைக் கீழே வைத்தார்.

"தஞ்சாவூருக்கு மொத பஸ் எத்தன மணிக்கு?" என்று கேட்டார்.

அச்சிட அனுமதிக்கும் கடிதத்தில் உன் வாரிசாக நான் கையெழுத்துப் போட வேண்டுமாம். நீ எழுதியது எழுதியபடியே வரும்வரை போட மாட்டேன். அவர்கள் அச்சிடாவிட்டால் ஒரத்தநாட்டு அச்சகத்தில் நானே அச்சடித்துக்கொள்கிறேன். அதெல்லாம் நாளைக்கு அப்புறம். காலையில் மரியம்மாவோடு நானும் பஸ் ஏறுகிறேன்.

உன் கூடப் பிறந்தவன்,
தம்பி ராசு