ஏரிப் பாட்டின் மறுபாதி

இன்று காலை இந்திராநகர் மெட்ரோவுக்குப் போக ஆட்டோ பிடித்தேன். ஏறி உட்கார்ந்ததுமே தெரிந்துவிட்டது, ஓடிக்கொண்டிருந்தது நம் ஆல்பத்தின் கடைசிப் பாட்டு. 'ஏரி இருந்த இடம்.' நம்மோடு ராப் பாடும் இமரானின் மாமா ஆட்டோ ஓட்டுகிறவர். அவர் தயவில் சிவாஜிநகர் ஆட்டோக்காரர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் எல்லாம் நாம் சுற்றிக்கொண்டிருக்கிறோம். என் தலைக்குப் பின்னால் இருந்த ஸ்பீக்கரில் உன் பேஸ் கிட்டார் முதுகில் அதிர்ந்தது. பிறகு, பாட்டின் பாதியில், எப்போதும் நிற்கிற இடத்தில், நின்றது. டிரம்மும் என் குரலும் மட்டும் போய்க்கொண்டிருந்தன.

டிரைவர் கையைப் பின்னால் நீட்டி ஸ்பீக்கரை ஓங்கித் தட்டினார். "ஸ்பீக்கர் ஹோய்த்து மேடம், போயே போச்சு. புதுசு. நல்லா ஏமாத்திட்டான் கடைக்காரன்."

"ஸ்பீக்கர் நல்லாத்தான் இருக்கு அண்ணா. பாட்டே அப்படித்தான்."

"அப்படித்தான்னா? பாதியில கிட்டார்காரன் எழுந்து போயிட்டானா?"

ஆமாம் என்றேன். வேறென்ன சொல்ல? எழுந்துதான் போய்விட்டாய்.

எரிச்சலோடுதான் இதை எழுதுகிறேன். நீ போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. அழுகை எப்போதோ ஓய்ந்துவிட்டது, எரிச்சல் ஓயவில்லை.

பீன்யா கம்பெனியில் நான் அக்கவுண்ட்ஸில் இருந்தேன், நீ குவாலிட்டியில். பார்த்தால் தலையாட்டிக்கொள்வதோடு சரி. அந்தக் கோடையில் எங்கள் தெருவுக்கு வரவேண்டிய தண்ணி லாரி வரவேயில்லை. கேன்டீன் மூலையில் நின்று லாரிக்காரனைப் போனில் திட்டிக்கொண்டிருந்தேன். போனை வைத்துவிட்டுத் திரும்பினால், சாப்பாட்டுத் தட்டின் விளிம்பில் விரலால் தட்டியபடி நீ உட்கார்ந்திருந்தாய்.

"நீங்க திட்டுறது தாளத்துல இருக்கு, தெரியுமா?" என்றாய். "'வரேன்னு சொன்ன, எப்ப வருவ', அந்த இடத்துல ஒரு கிட்டார் வெட்டு விழுந்தா அதுவே ரெகே."

ரெகே என்றால் தொப்பியும் பின்னல் முடியும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். நீ ஹெட்போனின் ஒரு பக்கத்தை என்னிடம் கொடுத்து, மதிய இடைவேளை முடியும்வரை விளக்கினாய். மற்ற பாட்டிலெல்லாம் பேஸ் பின்னால் நிற்கும், இதில் அதுதான் பாடும். கிட்டார் தாளத்துக்கு நடுவே சின்னச் சின்னதாக வெட்டும். டிரம் முதல் தட்டை அடிக்காது. "எல்லாரும் முதல் தட்டுலயே வந்து விழுறாங்க. நாம அந்த இடத்தைக் காலியா விட்டுடணும். அப்பதான் கேக்கிறவன் உள்ள வருவான்." ஞாயிற்றுக்கிழமை கன்டோன்மென்ட் சர்ச்சில் நீ வாசிக்கும்போதும் முதல் தட்டை விட்டுவிடுவாய் என்றும், கொயர் மாஸ்டர் பல்லைக் கடிப்பார் என்றும் பிறகு தெரிந்தது.

லாரிக்காரனைத் திட்டியது முதல் பாட்டாயிற்று. ஆல்பத்தின் பெயரும் 'தண்ணி லாரி' என்றே ஆயிற்று. பாட்டு எழுதிப் பாடுவது நான். தொம்மலூரில் உன் வீட்டு மொட்டைமாடி அறைதான் ஸ்டுடியோ. சுவரில் பழைய மெத்தைகள், பக்கத்திலேயே தண்ணீர்த் தொட்டி. யாராவது மோட்டார் போட்டால் எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

இமரானை நான்தான் கூட்டிவந்தேன். என் தம்பியின் கல்லூரி நண்பன், லேப்டாப்பில் ஹிப்ஹாப் தாளங்கள் செய்பவன், தக்கினி உருதுவில் ராப் பாடுபவன். முதல் நாளே உனக்கும் அவனுக்கும் சண்டை.

"அண்ணா, இது ரொம்ப மெதுவா இருக்கு. காய்கூ, ஏன் இவ்வளவு மெதுவா? பசங்க ஸ்கிப் பண்ணிடுவாங்க."

"பண்ணட்டும். சில்க் போர்டு டிராஃபிக்ல மாட்டிக்கிட்டு ஒருத்தன் எங்க ஸ்கிப் பண்ணிப் போவான்னு பார்க்கிறேன்."

ஆனால் நீ கேட்டாய். வாயால் மறுத்துவிட்டு, காதால் ஏற்றுக்கொள்கிற ஆள் நீ. அடுத்த வாரமே அவன் தாளத்துக்கு அடியில் உன் பேஸைப் போட்டு வைத்திருந்தாய். மேலே அவன் வேகமாக அடித்துக்கொண்டு போக, கீழே நீ அவசரமே இல்லாமல் நடந்தாய். தமிழில் நான், தக்கினியில் அவன், நடுவே கன்னடத்தில் ஒரு வரியை மூவரும் சேர்ந்து கத்துவோம். ரெகேவுக்குள் ஹிப்ஹாப் புகுந்து, எங்கே ஒன்று முடிந்து மற்றது தொடங்குகிறது என்றே தெரியாத ஒன்று வந்தது. அன்று இமரான் எழுந்து உன்னைக் கட்டிப்பிடித்தான். நீயோ, "இன்னும் வேகல" என்றாய்.

இந்த 'இன்னும் வேகல'தான் என் உயிரை வாங்கியது. எந்தப் பாட்டையும் முடிந்தது என்று நீ ஒப்புக்கொண்டதே இல்லை. எங்களுக்கு எல்லாம் சரியாகப் படும்போது உனக்கு ஏதோ ஒரு ஸ்வரம் உறுத்தும். அழித்துவிட்டு மறுபடி. மற்ற பாட்டுகளை உன் கையிலிருந்து பிடுங்கித்தான் முடித்தோம். ஏரிப் பாட்டை மட்டும் நீ கொடுக்கவில்லை. ஏரியைத் தூர்த்து லேஅவுட் போட்ட இடத்தில் மழைக்காலத்தில் தண்ணீர் திரும்பி வருவதைப் பற்றிய பாட்டு. முதல் பாதிக்கு வாசித்துப் பதிந்துவிட்டு, "மறுபாதி வேற மாதிரி வரணும், அடுத்த வாரம்" என்றாய்.

அடுத்த வாரம் என்ற சொல்லை எத்தனை காரியத்துக்கு வைத்திருந்தாய் நீ! ஹெப்பகோடி கம்பெனிக்கு மாறிய பிறகு, படியேறும்போது நெஞ்சு பிடிக்கிறது என்று சொல்லிவிட்டு, டாக்டரிடம் போகச் சொன்னதற்கும் அதே பதில். கெஞ்சினேன், கத்தினேன், அப்பாயின்ட்மென்ட் வாங்கியும் கொடுத்தேன். போகவில்லை. ஒரு வியாழக்கிழமை காலை கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கியவன், வாசலிலேயே சரிந்துவிட்டாய்.

சில மாதங்கள் ஆல்பத்தை யாரும் தொடவில்லை. பிறகு ஒரு நாள் இமரான் கூப்பிட்டான். மற்றப் பாட்டுகளில் உன் வாசிப்பை எல்லாம் கம்ப்யூட்டருக்குக் கொடுத்து, ஏரிப் பாட்டின் மறுபாதியை உன்னைப்போலவே வாசிக்கவைத்திருக்கிறானாம். எனக்குக் கோபம் தலைக்கேறியது. "அவன் என்ன செத்துப்போன மெஷினா, ஸ்பேர் பார்ட் போட?" என்று கேட்டேன். அவன் அழுதுவிட்டான். "எனக்கு வேற என்ன பண்ணத் தெரியும், சொல்லுங்க அக்கா? அண்ணா இல்லாம முடிக்க எனக்கு வேற வழி தெரியல."

உன் அக்காதான் முடிவு சொல்லவேண்டும் என்று தொம்மலூருக்குப் போனோம். ரெஜினா அக்கா அதே வீட்டின் கீழ்ப்பகுதியில் தனியாக இருக்கிறாள். இன்னும் சர்ச் கொயரில் பாடுகிறாள். ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கண்ணை மூடிக் கடைசிவரை கேட்டாள்.

"நல்லாத்தான் இருக்கு," என்றாள். "யாரோ நல்ல புள்ள வாசிக்கிறான். என் தம்பி அவ்வளவு நல்ல புள்ள இல்லையே. இது அவன் இல்லப்பா."

இமரான் அங்கேயே அதை அழித்தான். வேறு யாரையும் வைத்து வாசிக்கவேண்டாம், நீ நிறுத்திய இடத்திலேயே பேஸ் நிற்கட்டும் என்று அன்று தீர்மானித்தோம். நல்ல தீர்மானம் என்றுதான் நினைத்தேன். அதன் பிறகு பட்டபாடு உனக்குத் தெரியவேண்டும். ஆன்லைனில் ஏற்றித் தருகிறவர்கள் ஃபைலில் கோளாறு என்று திருப்பி அனுப்பினார்கள். வேண்டுமென்றே செய்தது என்று எழுதினால், இசைக்கலைஞரிடமிருந்தே ஒப்புதல் வேண்டும் என்றார்கள். இசைக்கலைஞர் இறந்துவிட்டார் என்று எழுதினால், வருத்தம் தெரிவித்துவிட்டு அதே கேள்வியை மறுபடி கேட்டார்கள். கடைசியில் எப்படியோ வெளிவந்தது. கேட்டவர்கள் எழுதினார்கள்: மிக்ஸிங் சரியில்லை, பாதியில் பேஸ் காணோம். ஒருவர் மட்டும், துணிச்சலான பரிசோதனை என்று பாராட்டியிருந்தார். அதுதான் எல்லாவற்றையும்விட எரிச்சலாக இருந்தது.

போன மாதம், ஒரு சனிக்கிழமை மதியம், சர்ச் பக்கத்து ஹாலில் ஆல்பம் முழுவதையும் மேடையில் வாசித்தோம். பேஸுக்கு இமரானின் நண்பன் ஒருவன். ஏரிப் பாட்டின் பாதியில், பேசி வைத்தபடி, அவன் கிட்டாரைக் கீழே வைத்தான். டிரம்மோடு நான் மட்டும் பாடிக்கொண்டிருந்தேன்.

முன்வரிசையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. தாழ்ந்த குரலில், வாயைத் திறக்காமல், யாரோ முனகுவதுபோல. ரெஜினா அக்கா. மடியில் கைப்பை, கண் மூடியிருக்கிறது, கால் தாளம் போடுகிறது. முதலில் சும்மா ஏதோ முனகுகிறாள் என்றுதான் நினைத்தேன். பிறகு அது போய்க்கொண்டே இருந்தது. என் வரிகளுக்கு அடியில் இறங்கியது, முதல் தட்டை விட்டுவிட்டு இரண்டாவதில் வந்தது, நான் மூச்செடுக்கும் இடத்தில் மேலே ஏறிப் பார்த்துவிட்டு மறுபடி இறங்கியது. உன் நடை. சந்தேகமே இல்லை. எனக்கு வரி மறந்துவிட்டது. இமரான் டிரம்மையும் நிறுத்திவிட்டான். ஹாலில் அவள் குரல் மட்டும், கடைசிவரை.

முடிந்ததும் மேடையிலிருந்து இறங்கி ஓடினேன்.

"அக்கா, இது எங்க கத்துக்கிட்டீங்க?"

"கத்துக்கிறதா? சாயங்காலமானா அவன் இதைத்தானே வாசிச்சிட்டிருந்தான். மாடியில இருந்து கேக்கும். நான் காய் நறுக்கிட்டே கேப்பேன்."

"அப்ப ரெக்கார்டுல இது இல்லையேன்னு நீங்க ஏன் சொல்லல?"

"நீங்கதான் வேணாம்னு விட்டீங்கன்னு நெனச்சேன். புதுசா ஏதோ ஸ்டைல்னு."

"கம்ப்யூட்டர் வாசிச்சதைக் கேட்டப்பவாவது..."

"அன்னைக்குச் சொன்னேனே, இது அவன் இல்லன்னு. அப்ப அவன் எப்படித்தான் வாசிப்பான்னு ஒருத்தராவது என்னைக் கேட்டீங்களா?"

அக்கா மேல் வந்த கோபம் அப்படியே திரும்பி உன்மேல் வந்தது. முடித்திருக்கிறாய்! மறுபாதியை முழுசாக வாசித்து, மாலை மாலை மெருகேற்றி, வீட்டுக்கே மனப்பாடம் ஆகும்வரை வாசித்திருக்கிறாய். பதிகிற பட்டனை ஒரு தரம் அழுத்தியிருந்தால் போதும். எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்.

மறுநாளே இமரான் மைக்கோடு அக்கா வீட்டுக்குப் போனான். மைக்கைப் பார்த்ததும் அவளுக்கு மறந்துபோகிறது. போனை ஒளித்துவைத்துப் பதியப் பார்த்தோம், கண்டுபிடித்துவிட்டாள், கோபித்துக்கொண்டாள். காய் நறுக்கும்போது மட்டும், யாரும் கவனிக்காதபோது மட்டும், வருகிறது. இமரான் தலையில் அடித்துக்கொண்டு, "நக்கோ அக்கா, வேணவே வேணாம், உங்க குடும்பமே இப்படித்தான்" என்று மைக்கைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டான்.

அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போகிறேன். வெறுங்கையோடு சமையலறையில் உட்கார்ந்து பீன்ஸ் நார் உரித்துக்கொடுத்தபடி, கேட்டுக் கேட்டுப் பிடித்துக்கொள்கிறேன். உன் ஸ்தாயி எனக்கு எட்டாது, மேலேதான் பாடவேண்டியிருக்கிறது. சில வளைவுகள் தப்பாகத்தான் வருகின்றன என்று எனக்கே தெரிகிறது. பரவாயில்லை. மெட்ரோவில் யஷ்வந்த்பூர் தாண்டும்போது முனகிக்கொண்டே போகிறேன். பக்கத்து சீட்டில் இருப்பவர்கள் திரும்பிப் பார்த்தாலும் நிறுத்துவதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை, கடைசிக்குச் சற்று முன்னால் ஓர் இடத்தில் அக்கா சட்டென்று நிறுத்தி, "ச்சே" என்றாள். மறந்துவிட்டதா என்று கேட்டேன்.

"இல்லடி. அந்த இடத்துல வந்து அவன் அப்படித்தான் சொல்லுவான். சொல்லிட்டு, மறுபடி முதல்ல இருந்து ஆரம்பிப்பான்."

அந்த ச்சேயையும் சேர்த்தே கற்றுக்கொண்டேன்.