ஏழாம் மாடலுக்கு என்ன அவசரம்

மார்ச் 4

ஏழு வந்துவிட்டது. ஏழு என்றால் எங்கள் கம்பெனியின் ஏழாவது போன். எங்களுக்குப் பெயர் வைக்க வராது. வருஷத்துக்கு ஒரு மாடல் போடுகிறோம், எண்ணை ஒன்று கூட்டிக்கொள்கிறோம்.

பரிசோதனைப் பிரிவின் மேஜையில் மாதிரிகளைப் பரப்பி வைத்தோம். என்னோடு வேலை பார்ப்பவருக்குக் 'கண்ணாடி' என்று பட்டப்பெயர். மூக்கில் இருப்பதற்காக இல்லை. ஒரு வார்த்தை கூடச் சொன்னால் நொறுங்கிப்போவார், அதற்காக. அவர் ஒன்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஆறுக்கும் இதுக்கும் ஆறு வித்தியாசம் கண்டுபிடிக்கணும்னா, நான் லீவு போட்டுட்டுத்தான் தேடணும்" என்றார்.

மத்தியானம் விற்பனைத் தலைவர் வந்தார். நாங்கள் வைத்த பெயர் சூறாவளி. அவர் வந்து போனால் மேஜையில் இருந்த காகிதம் இருந்த இடத்தில் இருக்காது. "ஜூன் முதல் வாரம் கடைக்குப் போயாகணும் மேடம். ஏப்ரல் கடைசிக்குள்ள கையெழுத்துப் போட்டுக் குடுத்துடுங்க."

என் கையெழுத்து இல்லாமல் ஒரு போன்கூட வெளியே போகக்கூடாது என்பது கம்பெனி விதி. கேட்க ஜோராகத்தான் இருக்கிறது. முதல் மாடலை அரை வருஷம் சோதித்தோம். அப்புறம் துவைக்கத் துவைக்கச் சுருங்கும் சட்டை மாதிரி நாள் குறைந்துகொண்டே வந்தது. இப்போது சில வாரம். சட்டை சுருங்கியது, ஆனால் ஆள் குண்டாகிக்கொண்டே போகிறான்.

மார்ச் 5

பேட்டரி கொஞ்சம் மெலிசு. கூட்டின் நிறத்தை விட்டால் அதுதான் ஒரே மாற்றம். மெலிசாக்கச் சொல்லி யார் அழுதார்கள்?

மார்ச் 15, ஞாயிறு

தம்பியும் அவன் மனைவியும் சாப்பிட வந்தார்கள். அவன் போன் கடை வைத்திருக்கிறான். பெரும்பாலும் எங்கள் போன்தான் விற்கிறான். பேச்சுவாக்கில், இரண்டு வருஷத்துக்கு ஒரு மாடல் போட்டால் போதும் என்று வாயை விட்டேன். பிடித்துக்கொண்டான்.

"அக்கா, நீ சம்பளம் வாங்குற. நான் கடை நடத்துறேன். புது மாடல் வரலன்னா ஈ ஓட்ட வேண்டியதுதான்."

"பழசு நல்லாத்தானேடா இருக்கு?"

"அதான் பிரச்சினையே! நல்லா இருந்தா எவன் கடைக்கு வருவான்?"

அவன் மனைவி சாப்பாட்டிலிருந்து நிமிராமல், "இவர் பாக்கெட்டுல இருக்கிறது நாலாவது மாடல், அண்ணி" என்றாள். என் வீட்டுக்காரருக்குச் சிரித்துச் சிரித்துப் புரை ஏறிவிட்டது. தம்பி போனை இன்னும் ஆழமாகப் பாக்கெட்டுக்குள் தள்ளிக்கொண்டான்.

ஆனாலும் அவன் சொன்னதை ஒதுக்க முடியவில்லை. புது மாடல் வந்தால் கண்ணுக்கு நேராக அடுக்குவார்களாம். வராவிட்டால் அந்த இடத்தில் வேறு கம்பெனி போன் உட்கார்ந்துவிடும், எங்களுடையது முழங்கால் உயரத்துக்கு இறங்கிவிடும். குனிந்து போன் வாங்குபவர் யாருமில்லை. கடைக்காரன் கவலை கடைக்காரனுக்கு.

மார்ச் 26

ஒப்பீட்டுச் சோதனைக்குத் தயார் செய்தோம். இது கண்ணாடி கண்டுபிடித்த முறை. ஆறாவது மாடலின் உள் பாகங்களை எடுத்து ஏழின் கூட்டுக்குள் மாட்டிவிடுவோம். வெளியே பார்த்தால் எல்லாம் ஏழு. சோதித்துப் பார்ப்பவருக்கு எது எதுவென்று தெரியாது. தெரிந்தால், புதுக் கூட்டைப் பார்த்ததுமே "ஆஹா, என்ன வேகம்" என்று கை தானாக எழுதிவிடும்.

எங்களுக்கு மட்டும் அடையாளம் வேண்டுமே, அதற்காகப் பழைய உள்பாகம் உள்ளவற்றின் அடி விளிம்பில் சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு புள்ளி. பாலிஷ் என்னுடையது. நான் பூசிக்கொண்டதைவிடப் போன்களுக்குப் பூசியதே அதிகம்.

ஏப்ரல் 2

போன்களை நாள்கணக்கில் சூட்டில் ஓடவிட்டுச் சோதிக்கும் சூட்டுப் பெட்டியில், ஏழாம் மாடல் ஒன்றில் பேட்டரி வீங்கிவிட்டது. கண்ணுக்குத் தெரியவில்லை. விரலால் தடவினால் முதுகு லேசாக மேடு தட்டுகிறது.

சூறாவளி, "ஒண்ணுதானே மேடம்?" என்றார். மூன்று மாதம் முழுசாக ஓட்டிப் பார்த்தால்தான் ஒன்றா பலவா என்று தெரியும் என்றேன். விளம்பரத்துக்குச் சொல்லியாகிவிட்டது, கடைகளுக்குச் சொல்லியாகிவிட்டது என்றார். கத்தவில்லை, கெஞ்சினார். "நாளை மட்டும் தள்ளாதீங்க. உங்க கால்ல வேணா விழறேன்."

முதலாளியம்மா கூப்பிட்டு அனுப்பினார். "மாசக் கடைசி வரைக்கும் யோசிங்க. நீங்க போடலன்னா, வேற யாரையாவதுதான் போடச் சொல்லணும்." கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

போட்டுத் தொலைச்சிடலாமா? நான் போடலன்னா இன்னொருத்தர் போடப் போறாங்க. வேலையும் போயி, போனும் கடைக்குப் போயி — எதுக்கு இந்த வீம்பு? ஒண்ணுதானே வீங்குச்சு?

ஆனா அந்த ஒண்ணு யார் பாக்கெட்டுக்குப் போகும்?

ஏப்ரல் 3

வீட்டுக்காரரிடம் சொன்னேன். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். "போடலன்னா என்ன ஆகும்?" என்றார். வேலை போகலாம் என்றேன். "போட்டா?" என்றார். தூக்கம் போகும் என்றேன். "வேலை வேற கிடைக்கும்" என்று சொல்லிவிட்டு மறுபடி நறுக்க ஆரம்பித்தார். இந்த மனுஷனைக் கட்டிக்கொண்டதற்கு நான் வருத்தப்படுகிற நாட்கள் உண்டு. இன்று அப்படி இல்லை.

ஏப்ரல் 8

இன்று ஊரிலுள்ள கடைக்காரர்களை எல்லாம் ஒரு ஹோட்டல் அரங்கில் கூட்டி ஏழாம் மாடலைக் காட்டினார்கள். நான் போகவில்லை. சாயங்காலம் தம்பி போன் செய்தான். "அக்கா, ஏழு சும்மா பறக்குதுக்கா! தொடுறதுக்கு முன்னாடியே தெறந்துக்குது. படம் எடுத்தா கண்ணாடி மாதிரி. இதையா ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா போடணும்னு சொன்ன?"

எல்லோரும் கை தட்டினார்களாம். ஒருவர் தன் ஆறாம் மாடலை மேஜையில் வைத்துவிட்டு, இனி இதைத் தொட மாட்டேன் என்றாராம்.

அப்போது எனக்கு மட்டும்தான் வித்தியாசம் தெரியவில்லையா? கண் போய்விட்டதா, மனசு கோணலாகிவிட்டதா?

ஏப்ரல் 9

காலையில் போனால், கண்ணாடி மேஜை ஓரமாக முகம் செத்து நிற்கிறார். ஏழாம் மாடல் தட்டு வைத்த இடத்திலேயே இருக்கிறது. சிவப்புப் புள்ளித் தட்டைக் காணோம்.

நேற்று நாங்கள் சாப்பிடப் போன நேரத்தில் விற்பனைப் பிரிவு ஆட்கள் வந்து எடுத்துப் போயிருக்கிறார்கள். போய்க் கேட்டால், "புள்ளி வச்சது ஸ்பெஷல்னு நினைச்சோம் மேடம்" என்றார்கள்.

அதாவது, அரங்கம் நிறையக் கை தட்டு வாங்கியது ஆறு. தொடுவதற்கு முன்னாலே திறந்துகொண்டது ஆறு. இனி தொட மாட்டேன் என்று அந்தப் புண்ணியவான் மேஜையில் வைத்ததும் ஆறு, கையில் எடுத்துக்கொண்டதும் ஆறு!

வயிறு வலிக்கச் சிரித்தேன். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். கண்ணாடி சிரிக்கவில்லை. "நாம சொல்லலன்னா யாருக்கும் தெரியாது. சொன்னா, புள்ளி வச்சவங்க தலைதான் உருளும்" என்றார். அப்போது எனக்கும் சிரிப்பு நின்றுவிட்டது.

ஏப்ரல் 10

சொல்லிவிட்டேன்.

முதலாளியம்மா மேஜையில் நிஜ ஏழு ஒன்றும் புள்ளி வைத்தது ஒன்றும் வைத்தேன், இரண்டின் அடியிலும் ஸ்டிக்கர் ஒட்டி. எது புதுசு என்று சொல்லுங்கள் என்றேன். தட்டிப் பார்த்தார், ஜன்னலோரத் தொட்டிச்செடியைப் படம் எடுத்தார், சந்தேகமே இல்லாமல் ஒன்றைத் தள்ளினார். ஆறு. சூறாவளியைக் கூப்பிட்டார். அவரும் ஆறு. ஸ்டிக்கரை உரித்து, நேற்று தெரிந்ததைச் சொன்னேன். அந்த அறையில் முதல்முறையாகக் காற்றே இல்லை.

"எங்களை முட்டாளாக்கவா வந்தீங்க?" என்றார் சூறாவளி.

"இல்ல சார். ஆறு நல்ல போன். அதையும் நாமதானே செஞ்சோம்?" எவ்வளவு உழைத்துச் செய்த போன். வருஷம் திரும்பவில்லை, அதற்குள் நாமே அதைக் கிழடு என்கிறோம்.

பிறகு மடமடவென்று கொட்டிவிட்டேன். இரண்டு வருஷத்துக்கு ஒரு மாடல். சோதனைக்கு முழு நேரம். இடைப்பட்ட வருஷத்தில் பழைய மாடல்களுக்குப் பேட்டரியும் திரையும் கடையிலேயே கிடைக்க வேண்டும், மென்பொருளையும் புதுப்பிக்க வேண்டும்.

முதலாளியம்மா தான் எடுத்த தொட்டிச்செடிப் படத்தை அழித்தார். "கடைக்காரங்க ஒத்துக்கணுமே. நடந்ததைச் சொல்லி நீங்களே கேளுங்க. அவங்க வேண்டாம்னா, ஏழு ஜூன்ல போகும். உங்க கையெழுத்தோட, இல்லன்னா வேற கையெழுத்தோட."

கடைக்காரர்களிடம் சொல்வதென்றால் — ஐயோ, தம்பி!

ஏப்ரல் 13

கூட்டத்தில் போட்டு உடைப்பதற்கு முன்னால் அவனிடம் சொல்லிவிட வேண்டும் என்று கடைக்குப் போனேன். சொன்னேன். முகம் சிவந்துவிட்டது. "நான்தான் முதல்ல கை தட்டினேன். என்னைக் கேனையனாக்கிட்டீங்கல்ல?" நீ என்றே பேசுகிறவன், 'ங்க' போட்டுவிட்டான். நான் அவன் அக்கா இல்லை, கம்பெனி ஆள்.

போய்விடலாம் என்று எழுந்தபோது ஒரு அம்மா வந்தார். கையில் எங்கள் ஐந்தாம் மாடல். "எல்லாம் நல்லா இருக்கு தம்பி, சார்ஜ்தான் நிக்க மாட்டேங்குது. பேட்டரி மட்டும் மாத்தித் தருவியா?" தம்பி வாய் தானாகச் சொன்னது: "பேட்டரி வர்றதில்லம்மா. புதுசு பாக்குறீங்களா?" அந்த அம்மா புதுசைப் பார்க்கவில்லை. போய்விட்டார்.

"இப்படி எத்தனை பேருடா வருவாங்க?"

"தினம் வருவாங்க."

"ஈ ஓட்டறேன்னு சொன்ன?"

அந்த அம்மா போன வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் கிளம்பும்போது, "வெயிலா இருக்கு, ஓரமாப் போ" என்றான். 'ங்க' இல்லை.

ஏப்ரல் 17

கூட்டம். நடந்ததைச் சொன்னேன். அப்புறம் ஒரே கூச்சல். தம்பி எழுந்தான். "பறக்குதுன்னு முதல்ல சொன்னவன் நான்தான். யாராவது சொல்லாதவங்க இருந்தா கை தூக்குங்க." ஒரு கையும் எழவில்லை. யாரோ சிரித்தார்கள், பிறகு எல்லோரும்.

"எனக்குப் புது மாடல் வேணும்னு யார் சொன்னா? கடைக்கு ஆள் வரணும், அவ்வளவுதான். பேட்டரி குடுங்க, திரை குடுங்க. மாத்திக் குடுத்து நான் பொழச்சுக்கறேன்" என்றான்.

எல்லோரும் ஒத்துக்கொள்ளவில்லை. "பக்கத்துக் கம்பெனி வருஷத்துக்கு ரெண்டு போடறான். நீங்க தூங்குங்க" என்று ஒருவர் எழுந்து போனார், பின்னாலேயே இன்னும் சிலர். மிச்சம் இருந்தவர்களை முதலாளியம்மா பார்த்தார். ஏழு அடுத்த வருஷம் என்று சொல்லிவிட்டார்.

ஏப்ரல் 20

சூறாவளி என் அறைக்கு வந்தார். ஒரு காகிதமும் பறக்கவில்லை. "புது மாடல் இல்லாத வருஷத்துல எனக்கு என்ன மேடம் வேலை?" என்றார். விளையாட்டாகக் கேட்கவில்லை. இவ்வளவு நாள் இந்த ஆளுக்கும் பயம் இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. "பேட்டரி வித்துக் காட்டுங்க சார்" என்றேன். முறைத்தார். ஆனால் உட்கார்ந்தார். எந்தெந்த மாடலுக்குப் பேட்டரி அதிகம் தேவைப்படும் என்று கேட்டார்.

ஜூன் 30

ஆர்டர் குறைந்துவிட்டது. தொழிற்சாலையில் வாரத்துக்கு நாலு நாள்தான் வேலை. கேண்டீனில் நான் உட்கார்ந்த மேஜைக்கு யாரும் வருவதில்லை. கண்ணாடி மட்டும் வந்து உட்கார்ந்து, என் தட்டில் அவர் பழத்தை வைத்துவிட்டுப் போனார்.

நான் சொன்னது தப்போ?

ஜூலை 7

சூட்டுப் பெட்டியில் மூன்றாவது மாதம். இன்று திறந்தால், பாதிக்குப் பாதி முதுகு வீங்கிக் கிடக்கிறது. ஒன்றில் கூடே பிளந்துவிட்டது.

ஏப்ரலில் கையெழுத்துப் போட்டிருந்தால் இவை இன்று கடைகளில் இல்லை, வீடுகளில். தலையணைக்குப் பக்கத்தில்.

முகம் கழுவப் போனேன். திரும்பி வந்தபோது முதலாளியம்மா பெட்டிக்கு முன்னால் நின்று, பிளந்ததை விரலால் தடவிக்கொண்டிருந்தார். பேட்டரி செய்து தருபவரை அங்கிருந்தே போனில் கூப்பிட்டார்.

நவம்பர் 19

சூறாவளி மறுபடி வீச ஆரம்பித்துவிட்டார். கடை கடையாய்ப் பேட்டரி மாற்றும் மேஜை போடுகிறார். தொழிற்சாலையில் ஐந்தாவது நாளும் வேலை. புதுப் பேட்டரி போட்ட ஏழு, பெட்டிக்குள் போயிருக்கிறது. இந்த முறை யாரும் அவசரப்படுத்தவில்லை.

மே 21

முழுசாக ஓட்டியாகிவிட்டது. ஒன்றுகூட வீங்கவில்லை. கண்ணாடி எல்லாவற்றையும் தடவிப் பார்த்தார், நானும் தடவிப் பார்த்தேன், முதலாளியம்மாவும் தடவிப் பார்த்தார். கையெழுத்துப் போட்டேன். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, போட்ட கையோடு சாப்பிடப் போனேன்.

தம்பிக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று போன் செய்தேன். எடுக்கவே இல்லை. நாலாவது தடவைதான் எடுத்தான்.

"டேய், ஏழு ரெடிடா! அடுத்த மாசம் கடைக்கு வந்துடும்."

"அப்படியா, சந்தோஷம்க்கா. அப்புறமாப் பேசறேன். கடையில பேட்டரி மாத்தக் கூட்டம் நிக்குது."

வைத்துவிட்டான்.