துவக்கு லைசென்ஸுக்கு ஒரு கையெழுத்து

மெல்போர்னில் மகள் வீட்டில் குளிர்காயும் டொறத்திக்கு,

உன் தம்பி ஸ்ரான்லியின் மூக்கை உடைத்த வழக்கில் என் துவக்கையும் லைசென்ஸையும் பறித்துப் பத்து வருடம் முடிந்துவிட்டது. முன்பே கோணலாக இருந்த மூக்குக்குப் பத்து வருடம்! இப்போது லைசென்ஸைத் திரும்பக் கேட்டு விண்ணப்பம் போட்டிருக்கிறேன்.

என்ன அனுபவம் என்று கேட்டிருந்தார்கள். மன்னார்க் காட்டில் பன்னிரண்டு வயதில் ஒரே வெடியில் இரண்டு பன்றி, பிறகு ஒரு முதலை, அதன்பிறகு நாற்பது பேருக்குச் சுடப் பழக்கினேன் என்று எழுதிக் கொடுத்தேன். அதை வாசித்த பொலிஸ்காரிக்கு முகம் வெளிறிவிட்டது. முயலைக்கூடச் சுட்டிராத பிறவி.

மொழிபெயர்க்க வந்த பிள்ளை, "அங்கிள், எந்த இயக்கத்தில இருந்தனீங்கள் எண்டு கேக்கிறா" என்றாள்.

"இயக்கமோ? நான் மன்னாரில சைக்கிள் கடை வச்சிருந்தனான், பிள்ளை!"

"அப்ப இது முழுக்கப் பொய்யோ, அங்கிள்?"

பொய்யாம்! படித்ததுகளுக்குக் கதை கேட்கவும் தெரியாது.

நான் துவக்கைத் தொட்டதே சிட்னிக்கு வந்தபிறகுதான் என்று மனைவி எழுதித் தரவேண்டுமாம். படிவம் இதனுடன் இருக்கிறது. மூன்று கேள்விகள். முதல் இரண்டையும் நீயே நிரப்பு. என்னைப் பொய்யன் என்று எழுத உனக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை. நீ பேரனைப் பார்க்கத்தான் ஆறு வருடமாக அங்கே நிற்கிறாய் என்று பொலிஸ்காரிக்குச் சொல்லியிருக்கிறேன்.

மூன்றாவது, இவருக்கு நீங்கள் பயப்படுகிறீர்களா என்பது. அதற்கு ‘இல்லை’ என்று நானே எழுதிவிட்டேன். நீ கீழே கையெழுத்தை மட்டும் வை.

சிட்னி, பென்டில் ஹில்லில் இருக்கும்
உன் மனிசன்