வியோலாவுக்கு நான் சேர்த்த ஷார்ப்

பீரோவின் மேல்தட்டிலிருந்து உங்கள் இசைத் தாள்கட்டை இறக்கினேன். பிரித்ததும் ரோசின் வாசனை அடித்தது. வயலின் வில்லில் ரோசின் தேய்த்த கையைத் துடைக்காமலேயே பென்சிலை எடுப்பீர்கள். எத்தனை முறை சொன்னாலும் கேட்டதில்லை. இரண்டு நாளாக அந்தக் கட்டு சாப்பாட்டு மேசையில் கிடந்தது. எனக்கு உட்காரவும் முடியவில்லை, படுக்கவும் முடியவில்லை.

உங்கள் பரங்கிப்பேட்டை இசையமைப்பாளர் போன் செய்தார். நீங்கள் கடைசியாக எழுதிக் கொடுத்த காதல் நகைச்சுவைப் படத்தின் பின்னணி இசையைச் சென்னையில் மேடையில் வாசிக்கப் போகிறார்களாம். உங்கள் கையெழுத்துப் பிரதி வேண்டுமாம்.

டிரம்ஸையும் பேஸ் கிட்டாரையும் அவர் கம்ப்யூட்டரில் போட்டு அனுப்புவார். மஞ்சக்குப்பத்து வீட்டில், இதே மேசையில், அந்தத் தாளத்தின் மேல் வயலின்களும் அவற்றைவிடச் சற்றுப் பெரிய வியோலாக்களும் செல்லோக்களும் வாசிக்க வேண்டியதை நீங்கள் எழுதுவீர்கள். உங்கள் கோழிக் கிறுக்கலை என்னைத் தவிர யாராலும் படிக்க முடியாது. ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனித்தனித் தாளில் எடுத்து எழுதுவது என் வேலை. "மேடம், ஃபேர் காப்பி ரெடியா? அங்க எல்லாரும் வில்லத் தூக்கிக்கிட்டு நிக்கறாங்க" என்று வாசற்படியில் நின்று கேலி செய்வீர்கள். கான்வென்டில் படித்தவள் என்பதால் கல்யாணமான நாளிலிருந்து நான் உங்களுக்கு மேடம்தான்.

அந்தக் காட்சி உங்களுக்கு நினைவிருக்கும். கதாநாயகன் புதுச் சட்டையும் பூங்கொத்துமாகக் காதலியின் வீட்டுப் படியேறுகிறான். தந்தி வாத்தியங்கள் எல்லாம் சேர்ந்து அலையாக எழும்புகின்றன. கதவு திறக்கிறது. வாய் நிறையப் பற்பசை நுரையோடு அவளுடைய அப்பா. அந்த இடத்தில் வயலின்களுக்கு எஃப் ஷார்ப் எழுதிவிட்டு, வியோலாக்களுக்கு அரைச் சுரம் கீழே, வெறும் எஃப் எழுதியிருந்தீர்கள். இரண்டும் உரசும். கான்வென்டில் எனக்கு மேற்கத்திய இசையின் ஹார்மனி இலக்கணம் கற்றுத் தந்த சிஸ்டர் பார்த்திருந்தால் சிவப்பு மையால் வட்டம் போட்டிருப்பார். வயதாகிவிட்டது, குறியை விட்டுவிட்டார் என்று நினைத்தேன். உங்களிடம் கேட்கவில்லை. கேட்டால் மனம் நோகும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, வியோலாத் தாளில் அரைச் சுரம் ஏற்றும் ஷார்ப் குறி ஒன்றைச் சேர்த்தேன். உங்களைக் காப்பாற்றிவிட்டதாக அன்று ஒரு காபி கூடுதலாகக் குடித்தேன்.

ஒலிப்பதிவு நாளில் நானும் வந்திருந்தேன், ஸ்டூடியோவின் வெளியறையில். கதவிலிருந்த சின்னக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் ஒரு வியோலாக்காரரின் தாளைக் குனிந்து வெகுநேரம் பார்த்தீர்கள். நிமிர்ந்து என்னைப் பார்த்தீர்கள். நான் தலையசைத்தேன். நீங்களும் தலையசைத்தீர்கள். பிறகு இசையமைப்பாளரிடம் திரும்பி ஏதோ சொன்னீர்கள். என் திருத்தத்தைக் கண்டுபிடித்துவிட்டார், மனதுக்குள் நன்றி சொல்கிறார் என்று நினைத்தேன்.

படம் வந்ததும் உங்கள் ஊர்த் தியேட்டரில்தான் பார்க்க வேண்டும் என்று சிதம்பரத்துக்கு பஸ் ஏற்றினீர்கள். அந்தக் காட்சியில் யாரும் சிரிக்கவில்லை. நமக்குப் பின்வரிசையில் ஒரு கல்லூரி மாணவன், "இன்னாடா மச்சான், அப்பன் வந்து நிக்கறான், மீஜிக்கு கல்யாண ஊர்வலம் மாரி போவுது" என்றான். நான் திரும்பி முறைத்தேன். நீங்கள் குனிந்து காலடியில் செருப்பைத் தேடினீர்கள்.

அதன் பிறகு இசையமைப்பாளரிடமிருந்து வேலை வரவில்லை. பத்துத் தடவை போனை எடுத்துப் பார்ப்பீர்கள். "வந்தா தானா அடிக்கும், சும்மா தடவாதீங்க" என்று நான் அதட்டுவேன். அதற்கடுத்த இரண்டாவது மழைக்காலத்தில் நீங்கள் கண்ணை மூடிவிட்டீர்கள்.

இப்போது போனில் அவர் சொல்கிறார்: "சார் நேர்ல பியானோவுல வாசிச்சுக் காட்டுனப்ப அந்த எடத்துல சிரிச்சே செத்தேம்மா. ரெக்கார்டிங்ல அந்த உரசல் இல்ல. ஏன் சார்னு கேட்டேன். 'நான்தான் தம்பி மாத்திட்டேன். வயசாயிடுச்சு, காமெடி வரமாட்டேங்குது. இப்படியே வுட்ருங்க'ன்னாரு. சாருக்கு முடியல, ஜாஸ்தி தொந்தரவு குடுக்க வேணாம்னுதான் அடுத்த படத்துக்கு வேற ஆள் வச்சேன். சாருக்கு அதுல வருத்தமாம்மா?"

தாள்களைத் தேடி எடுத்து வைக்கிறேன் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

இந்த இரண்டு நாளும் வாசலுக்கும் அடுக்களைக்கும் நடந்தபடி இருக்கிறேன். என் பிரதியை மட்டும் அனுப்பிவிடலாம் என்றுகூட நினைத்தேன். அதில் எல்லாம் சுத்தமாக இருக்கிறது. அப்படி அனுப்பினால் கடைசிப் படத்தில் கோட்டை விட்ட கிழவராகவே நீங்கள் இருந்துவிடுவீர்கள். உங்கள் தாளை உற்றுப் பார்த்தேன். அந்த எஃப்புக்கு முன்னால், ஷார்ப் வேண்டாம் என்பதற்கான நேச்சுரல் குறியை இரண்டு தடவை அழுத்திப் போட்டிருக்கிறீர்கள். மறுபக்கம்வரை தடம் பதிந்திருக்கிறது. அதை ரோசின் கறை என்று நான் தள்ளியிருக்கிறேன்.

இன்று காலை நானே போன் செய்தேன்.

"அந்த இடத்தை மாத்தினது அவர் இல்லை. நான்."

வியோலாவுக்கு நான் சேர்த்த ஷார்ப்பைப் பற்றிச் சொன்னேன். 

"அப்ப சாருக்கு முடியாமப் போவலயாம்மா?"

"இல்லை. அவர் சரியாகத்தான் எழுதியிருந்தார். படிக்கத் தெரியாதவள் நான்."

வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த வாக்கியத்தைச் சொன்னேன். பிறகு உங்கள் தாள்களைக் கூரியரில் கொடுத்துவிட்டு வந்தேன். கச்சேரிக்கு வரச் சொல்லியிருக்கிறார். போவேன். அந்த இடம் வரும்போது மற்றவர்கள் சிரிக்கட்டும். எனக்கு அது இன்னமும் தவறாகத்தான் கேட்கும் என்பதை உங்களிடம் மறைக்க மாட்டேன்.

கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது. பஸ்ஸில் திரும்பி வரும்போது சொல்லியிருக்கலாமே. போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அத்தனை நாளில் ஒரு நாளாவது சொல்லியிருக்கலாமே. "மேடம், அது தப்பில்ல" என்று ஒரு வரி. நான் தாங்க மாட்டேன் என்றா நினைத்தீர்கள்?

தாங்கியிருக்க மாட்டேன். ஹார்மனிப் புத்தகத்தை எடுத்து வந்து உங்களிடம் வாதாடியிருப்பேன். அது உங்களுக்குத் தெரிந்திருந்தது. அந்தப் பாரத்தைத்தான் இப்போது எங்கே இறக்கி வைப்பது என்று தெரியாமல், வீட்டுக்குள் நடந்துகொண்டிருக்கிறேன்.