அட்டைமேல் தூங்கிய அமீர் அண்ணனுக்கு

என் கூடப்பிறக்காத அமீர் அண்ணே,

அங்கேயாவது கம்பெனிச் சங்கு ஊதாமல் தூங்க விடுகிறார்களா?

இங்கே ஓசூரில் நம் கம்பெனிக்குப் பின்னாலிருந்த ராகி வயலிலும் ஷெட் எழும்பிவிட்டது. உங்கள் லேத்தில் இப்போது தேன்கனிக்கோட்டைக்காரர் ஒருவர் நிற்கிறார். நல்ல மனிதர். குறட்டையில் மட்டும் உங்கள் பக்கத்தில் வர முடியாது.

சாப்பாட்டு நேரத்தில் பேக்கிங் அட்டையை விரித்துப் படுப்பீர்களே, ஞாபகமிருக்கிறதா? எழுப்புவது என் வேலை. ஸ்பேனரால் டிபன் மூடியில் இரண்டு தட்டு. "மகாராஜா எந்திரிச்சாச்சா?" என்பேன். "போடா, உன் மூஞ்சியில முழிக்கிறதுக்குத் தூங்கிக்கிட்டே இருக்கலாம்" என்பீர்கள்.

கடைசி வருஷம் இரண்டு தட்டுக்கு நீங்கள் எழவில்லை. நான்கு, ஐந்து என்று போய், அப்புறம் நான் தட்டுவதையே விட்டேன். பாவம், தூங்கட்டும் என்று உங்கள் லேத்தையும் நானே ஓட்டினேன். சூப்பர்வைசர் கேட்டால், "பாத்ரூம் போயிருக்காருங்க சார்." அதிலும் பாதி நிஜம்தான், அடிக்கடி போய்க்கொண்டுதானே இருந்தீர்கள்! கால் மணித் தூக்கம் ஒரு மணியானது. அதைக் காப்பாற்றுவதுதான் நட்பு என்று நினைத்தேன். உள்ளே சர்க்கரை ஏறிக்கிடந்தது எனக்குத் தெரியவில்லை. உங்களுக்காவது தெரிந்ததா? தெரிந்தபோது கிட்னிவரை போயிருந்தது, உங்களைக் காப்பாற்ற முடியவில்லை. அன்றே உலுக்கிக் கேட்டிருந்தால்?

இப்போது என் கதை. போன மாசம் எனக்கும் அதேபோல் ஆனது. ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுப் படுத்தால் விளக்கு வைக்கும்போதுதான் விழிப்பு. என் வீட்டுக்காரி ரத்னா கன்னட எல்லையோரத் தளிக்காரி அல்லவா, பயந்தால் கன்னடம்தான் வரும். "ஏள்ரீ, ஏள்ரீ! எந்திரிங்க! அமீர் அண்ணனும் இப்பிடித்தானே தூங்குனாரு?" என்று உலுக்கினாள். மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

ரத்தம் பார்த்தார்கள். சர்க்கரைதான். "நல்லவேளை, சீக்கிரம் வந்தீங்க. மத்தியானம் கொஞ்சம் கண்ணசந்தா தப்பில்ல. அது நீண்டுக்கிட்டே போனா என்னன்னு பாத்துடணும்" என்றார் டாக்டரம்மா.

"அப்போ தூக்கத்துக்கு ஓவர்டைம் கிடையாதுங்களா?"

சிரித்துக்கொண்டே என் ஜிலேபியை நிறுத்திவிட்டார். மாத்திரை, காலையில் ஏரிக்கரையில் நடை. உடம்பு லேசாகிவிட்டது அண்ணே. இப்போது கால் மணி தூங்கினாலே போதும், தானாக விழிக்கிறேன்.

நேற்று தேன்கனிக்கோட்டைக்காரர் இரண்டு தட்டுக்கு எழவில்லை. முன்தினமும் அப்படித்தான். அவர் லேத்தை நான் தொடவில்லை. இன்று காலையிலேயே அவரை டாக்டரம்மாவிடம் இழுத்துப்போனேன். ஒன்றுமில்லையாம், வெறும் அசதியாம். "ஒண்ணுமில்லாததுக்கு அரைநாள் லீவு போச்சேய்யா!" என்று வழியெல்லாம் திட்டினார். அந்தத் திட்டு அவ்வளவு இனிப்பாக இருந்தது, எனக்குத்தான் இனிப்பு ஆகாது.

இனி யார் தூக்கத்துக்கும் காவல் நிற்க மாட்டேன் அண்ணே. தட்டுவேன். எழவில்லையென்றால் ஏனென்று கேட்பேன்.

தட்டுமுன்பே எழுந்துவிடும்
உங்கள் தம்பி,
மாதேஷ்