என் இடத்தில் உன் ஒப்பாரி

என் அருமை அண்ணா,

அம்மா மண்டபத்துக் காவிரியில் உன் அஸ்தியைக் கரைத்து ஒரு வருடம் ஆகிறது. ஊருக்கு உன் மேல் இருந்த குறையெல்லாம் அன்றோடு தீர்ந்துவிட்டது. எனக்குத் தீரவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை பொன்மலையில் உனக்கு நினைவுக் கூட்டம் நடத்தினார்கள். பேச்செல்லாம் முடிந்ததும் நீ எழுதிய நாடகத்தின் டேப்பைப் போட்டார்கள். கடைவீதி ஜமால் பாயிடம் மெஷினை இரவல் வாங்கி, மேடை ஓரத்தில் உட்கார்ந்து நீயே பதிவு செய்தாயே, அதே டேப்.

அதில் நான் அம்மா வேடம். ஒர்க்‌ஷாப்பில் அடிபட்டுச் செத்த மகனின் டிபன் கேரியரை ஒருவன் கொண்டுவந்து கொடுப்பான். உடனே நான் ஒரு பக்க நீளத்துக்கு ஒப்பாரி வைக்க வேண்டும். அன்று கேரியரைத் திறந்தேன். யாரோ நிஜமாகவே பாதிச் சோறு வைத்திருந்தார்கள். எனக்கு வாய் வரவில்லை. மூடி, மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கொட்டகையில் ஒருவர்கூட இருமவில்லை. ஷிப்ட் முடிந்து அழுக்குச் சட்டையோடு முன்வரிசையில் இருந்த மாரிமுத்து, துண்டை வாயில் அடைத்துக்கொண்டு அழுதார். என் வாழ்நாளில் நான் நடித்தது அந்த ஓர் இடம்தான்.

நீ என்ன செய்தாய்? மறுநாள் மெஷினைத் திருப்பிக் கொடுக்கும் முன், வீட்டில் டேப்பைப் பின்னால் சுற்றி, நான் சும்மா இருந்த அந்த இடத்தின் மேலேயே நீயே பெண்குரல் போட்டு முழு ஒப்பாரியையும் பதிந்துவிட்டாய். ஏன் என்று கேட்டேன்.

"வசனத்த முழுங்கிட்டு என்னடா கேள்வி? சத்தமில்லாம ஓடுச்சுன்னா, கேக்கறவன் மெஷின் ரிப்பேர்னு நினைப்பான்."

உன் எழுத்தில் ஒரு வரி வீணாகக் கூடாது. அதற்காக என்னை அழிக்கலாமா?

கூட்டம் முடிந்ததும் மாரிமுத்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "அன்னிக்கு நீங்க வச்ச ஒப்பாரி இன்னும் காதுலயே நிக்குதுங்க" என்றார். நேரில் பார்த்தவர், அண்ணா. இனி யாரிடம் போய்ச் சாட்சி கேட்பேன்?

டேப்பை வாங்கி வந்துவிட்டேன். பாயிடம் மெஷினும் இரவல் வாங்கினேன். நீ எனக்குச் செய்ததை உனக்குச் செய்வது என்று முடிவு கட்டியிருந்தேன். அந்த நேரம் பார்த்து அண்ணி வந்தார். அது உன் குரல் என்று என்னைத் தவிர அவருக்கு மட்டும்தான் தெரியும்.

"அந்த ஒப்பாரிய மட்டும் ஒருதரம் போடுங்க தம்பி. அவரு குரல் வேற எதுலயும் இல்லையே."

போட்டேன். மூன்று முறை கேட்டார். சிரித்துக்கொண்டே அழுதார். எனக்கு ஆத்திரம் இரண்டு பங்காயிற்று. செத்த பிறகும் என் இடத்தை விட மாட்டேன் என்கிறாய்.

ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள். அண்ணி இருக்கும்வரை அதில் கை வைக்க மாட்டேன். அதற்குப் பிறகு அதே டேப்பைப் பின்னால் சுற்றி, பதிவில் போட்டு, மைக்கைத் திறந்து வைத்து, கேரியரை மடியில் வைத்துக்கொண்டு, உன் ஒப்பாரி ஓடுகிற நேரம் முழுவதும் வாய் திறக்காமல் உட்கார்ந்திருப்பேன்.

கோபம் ஆறாத உன் தம்பி,
கோவிந்தன்