ஆறப்போட்ட கொல்லை

தம்பி ஜெனில்சனுக்கு, அக்காள் லுசிமார் எழுதுவது. நீ சுகமாகத்தான் இருப்பாய். அரசாங்கச் சட்டை போட்டவனுக்கு என்ன குறை? இங்கே நாங்கள் சுகமாக இல்லை.

போன வாரம் உன் அலுவலகத்து ஆட்கள் படகில் வந்தார்கள். அக்கரையில் நாம் ஆறப்போட்டிருக்கும் கொல்லை இனிமேல் காப்புக்காடாம். கத்தி வைக்கக் கூடாதாம், தீ வைக்கக் கூடாதாம். "மனுசக் கால் படாத காடும்மா இது" என்று ஒரு கண்ணாடிக்காரன் என்னிடமே சொல்கிறான். என் வீட்டுக்காரர் ஓசியெல் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். உனக்கு யார் சொன்னது என்று கேட்டேன். "முன்னாடி அளக்க வந்தப்ப வழிகாட்டுன உங்க தம்பிதான்" என்றான். அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

ஏண்டா, உனக்குத் தெரியாதா? மரவள்ளி பிடுங்கிய நிலத்தை மரம் மூடும்வரை விட்டுவைத்துத்தானே மறுபடி வெட்டுவோம்? வெளியூர்க்காரனுக்கு அது காடாகத் தெரியலாம். அங்கே நிற்கும் புப்புனியா பனைகளை நட்டது நீயும் நானும் அல்லவா? காடு வரிசை பிடித்தா பனை நடும்?

நம் வட்டாரத்தில் தலைக்கு ஒரு காடு என்று பங்கு போட்டாலும் மிச்சம் இருக்கும். இத்தனைக்கும் நடுவே உங்களுக்குக் காப்பாற்ற என் கொல்லைதான் அகப்பட்டதா? இக்கரை நிலம் ஓய்ந்துவிட்டது. கிழங்கு விரல் தடிமன்கூட இல்லை. மழைக்கு முன் அக்கரையை வெட்டி எரிக்காவிட்டால் வருகிற வருடம் எங்களுக்கு மரவள்ளி மாவு கிடையாது. மாவு இல்லாமல் வெறும் மீனைத் தின்றா பிள்ளைகளை வளர்ப்பது?

நீ வாய் திறந்தால் எல்லைக்கோடு மாறும் என்று படகுக்கார எவான்ட்ரோ சொல்கிறார். திறந்தால் வேலை போய்விடும் என்று பயப்படுகிறாயாம். "அக்காவ டவுனுக்கு வந்துடச் சொல்லு, நான் பாத்துக்கறேன்" என்று அவரிடமே சொல்லியனுப்பினாயாம். நீ பார்த்துக்கொண்ட லட்சணம் போதும், சாமி!

என் மகள், உன் ஞானமகள் ராய்லா உன்னைக் கண்டால் ஓடிவந்து ஆசி கேட்பாளே, இனிக் கேட்க மாட்டாள். வேண்டாமென்று சொல்லிவிட்டேன். அழுதாள். அழட்டும்.

திங்கட்கிழமை வெட்டத் தொடங்குகிறோம். தடுக்க ஆள் வருவார்கள், தெரியும். அவர்களுக்குப் பின்னால் ஒளியாதே. நீயே கரையில் இறங்கி, என் முகத்தைப் பார்த்து, இங்கே யாரும் இருந்ததே இல்லை என்று சொல். சொல்லிவிட்டால், கத்தியைக் கீழே போட்டுவிடுகிறேன்.

கடவுள் உன்னைக் காப்பாற்றட்டும், என்னால் முடியவில்லை.

இன்றுவரை உன் அக்காள்,
லுசிமார்